நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஏப்ரல் கடைசி. மும்பை செம்பூரில் இரவு இரண்டு மணிக்கும் காற்று ஈரத்துணி மாதிரி உடம்பில் ஒட்டும். அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து சளப் சளப் என்று சத்தம். எங்கள் நாய் செல்லி தண்ணீர் குடிக்கிறாள். வந்து படுத்தாள்; அரை மணி கழித்து மறுபடி சளப் சளப். மூன்றரைக்கு வாசற்கதவைப் பிராண்டினாள். லிஃப்டில் கீழே கூட்டிப் போனால், வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு நிமிடம் போல விடாமல் பெய்தாள். குழாய்த் தண்ணீர் போல நிறமே இல்லை.

"வெயில் காலம்டா, அதுக்கும் தாகம் எடுக்காதா? ராத்திரி கிண்ணத்தை எடுத்து மேலே வச்சிடு. நாமளாவது தூங்கலாம்" என்றாள் அம்மா. நானும் இரண்டு இரவு அப்படியே எடுத்து வைத்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் முதல் வேலையாக இதைச் சொல்லிவிடுகிறேன்: காரணம் தெரியும்வரை தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள்.

குடிப்பதால் போகிறதா, போவதால் குடிக்கிறதா

நிறையக் குடிக்கிறது, அதனால் நிறையப் போகிறது என்றுதான் நமக்குத் தோன்றும். நாய்களில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாமல் வெளியே விடுகிறது. போன தண்ணீரை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து "தண்ணீரைப் பிடித்து வை" என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன் ஒன்று வருகிறது. அந்தச் சொல் வராமல் போகலாம். வந்தும் சிறுநீரகத்தின் காதில் விழாமல் போகலாம். சர்க்கரை போன்ற ஏதாவது சிறுநீரில் கலந்து தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டும் போகலாம். கீழே வரும் நோய்களில் அநேகம் இந்த மூன்றில் ஒன்றுதான்.

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினால் ஓட்டை அடையாது, குடம்தான் காலியாகும். கிண்ணத்தை எடுத்து வைத்த இரண்டு இரவும் செல்லிக்கு நடந்தது அதுதான். காலையில் அவள் ஈறைத் தொட்டால் வழுவழுப்பே இல்லை, விரல் ஒட்டியது.

முதலில் அளவு

"ரொம்பக் குடிக்குது டாக்டர்" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் ஒன்றும் புரியாது. ஒரு நாளைக்கு எத்தனை மில்லி என்று சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கும் ஒரு லிட்டர் பிஸ்லெரி பாட்டில் போதும். காலை ஏழு மணிக்குக் கிண்ணத்தைக் காலி செய்து, பாட்டிலால் அளந்து ஊற்றுங்கள். நாள் முழுக்க எத்தனை பாட்டில் ஊற்றினோம் என்று குளிர்சாதனப் பெட்டிக் கதவில் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் காலை ஏழுக்கு மிச்சத்தை அளந்து கழித்துவிடுங்கள். இப்படி மூன்று நாள் செய்து சராசரி எடுத்தால் நம்பலாம். நாய் தெம்பாக இருந்தால்தான் இந்த மூன்று நாள். வாந்தி, சோர்வு, காய்ச்சல் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் அளவை மறந்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிறகு எடை. எடை மெஷினில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தூக்காமல் ஒருமுறை ஏறிக் கழித்தால் சரி. நல்ல ஆரோக்கியமான நாய் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி வரை குடிக்கும். 100 மில்லியைத் தாண்டினால் அது நோய்க்குறி. பத்துக் கிலோ பக் வகை நாய் என்றால் ஒரு லிட்டர்தான் எல்லை. செல்லி 21 கிலோ. அவள் எல்லை 2 லிட்டர் 100 மில்லி. நான் அளந்தபோது நாளுக்குக் குடித்தது 2 லிட்டர் 700.

இடைப்பட்ட அளவு வந்தால்? உங்கள் நாயின் வழக்கத்தோடு ஒப்பிடுங்கள். எப்போதும் அரை லிட்டர் குடித்த நாய் இரண்டு வாரமாக 900 மில்லி குடித்தால், எல்லைக்குள் இருந்தாலும் ஏதோ மாறியிருக்கிறது. வழக்கம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும் என்கிறீர்களா? அதனால்தான் நாய் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை அளந்து எழுதி வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை.

அளக்கும்போது ஏமாற்றும் சங்கதிகள் சில உண்டு. குளியலறை வாளி, கமோடு, துளசித் தொட்டியின் அடித்தட்டு, அடுக்குமாடி சொசைட்டி வாசலில் தெருநாய்களுக்காக வைத்திருக்கும் மண் சட்டி: இவற்றில் குடிப்பது கணக்கில் வராது. அந்த மூன்று நாளும் குளியலறைக் கதவைச் சாத்தி வையுங்கள். லாப்ரடார் வகை பாதியைத் தரையில் சிந்தும். கிண்ணத்தை ஒரு தட்டில் வையுங்கள். வீட்டில் இரண்டு நாய் என்றால் தனித்தனி அறையில் அளப்பதைத் தவிர வழியில்லை.

சாப்பாடு மாறியதா என்றும் பாருங்கள். தயிர்சாதத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். பாக்கெட் உலர்தீனியில் ஈரம் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். சோற்றிலிருந்து பாக்கெட்டுக்கு மாறிய நாய் கிண்ணத்தில் கூடுதலாகக் குடித்தே தீரும். அது நோயில்லை. குட்டிகளும், பால் கொடுக்கும் தாயும் அதிகம் குடிப்பதும் அப்படித்தான்.

காலைச் சிறுநீர்

அளவு எல்லை தாண்டினால் அடுத்து வேண்டியது விடிந்ததும் போகும் முதல் சிறுநீர். இதைப் பிடிப்பது ஒரு கலை. ஆண் நாய் என்றால் காலைத் தூக்கும்போது டப்பாவை நீட்டிவிடலாம். பெண் நாய் சட்டென்று உட்கார்ந்து, நாம் குனிவதைப் பார்த்ததும் எழுந்துவிடும். நீளக் காம்புள்ள பழைய குழம்புக் கரண்டியைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்து, அவள் உட்கார்ந்து பாதி போனபின் பின்பக்கமிருந்து சத்தமில்லாமல் நீட்டுங்கள். கரண்டி அதன்பிறகு சமையலறைக்குத் திரும்பாது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மருந்துக்கடையில் கிடைக்கும் மூடியுள்ள டப்பாவில் ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு போங்கள். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில், வேறொரு பைக்குள் சுற்றி.

டாக்டர் முதலில் பார்ப்பது சிறுநீரின் அடர்த்தி எண்ணை. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் குழாயில் இரண்டு சொட்டு விட்டால் தெரியும். 1.030க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. கவலை பாதி குறையும். 1.008க்கும் 1.012க்கும் நடுவே திரும்பத் திரும்ப நின்றால் சிறுநீரகம் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகம். 1.008க்கும் கீழே போனால் சிறுநீரகம் வேலை செய்கிறது, ஆனால் "பிடித்து வை" என்ற சொல் அதற்குப் போய்ச் சேரவில்லை.

மனிதர்களுக்கான சிறுநீர்ப் பட்டை வாங்கி வீட்டிலேயே பார்க்கலாமா என்றால், சர்க்கரைக்கும், உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது வரும் கீட்டோனுக்கும் பார்க்கலாம். அதே பட்டையில் இருக்கும் அடர்த்திக் கட்டத்தையும் வெள்ளணுக் கட்டத்தையும் நாய்க்கு நம்பாதீர்கள்.

இனி அறிகுறிகள். உங்கள் நாய்க்கு எது பொருந்துகிறதோ அங்கே போங்கள்.

நிறையக் குடிக்கிறது, ஆனால் சிறுநீர் கூடவில்லை

தண்ணீர் வேறு வழியில் போகிறது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம், மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மும்பைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நாக்கின் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. இன்னும் வேகமாக இரைக்கும், இன்னும் குடிக்கும். மே மாதமும் அக்டோபர் வெக்கையும் இதற்குப் பேர் போனவை. நிழலில் படுத்து ஒரு மணி நேரத்தில் அடங்கினால் சரி. அடங்காமல் எச்சில் ஒழுகி, தள்ளாடி, உடல்சூடு 41 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அது வெப்பத்தாக்கு. குழாய்த் தண்ணீரால் நனைத்து, மின்விசிறிக்கு அடியில் போட்டு, உடனே கிளம்புங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

வயிற்றுப்போக்கு இருந்தாலும் தாகம் எடுக்கும். வாந்தி எடுக்கிற நாய் ஒரேயடியாகக் குடித்தால் குடித்ததையும் சேர்த்து வாந்தி எடுக்கும்; அதற்குச் சில நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று ஸ்பூனாகக் கொடுங்கள்.

அப்புறம் உப்பு; இதில் மட்டும் சிறுநீரும் கூடலாம். எங்கள் எதிர் ஃபிளாட் மாமி செல்லிக்குத் தினமும் சாயங்காலம் கதவிடுக்கு வழியாக ஒரு அப்பளம் கொடுப்பார். "ஒண்ணே ஒண்ணுதான்டா, பாவம், வாலாட்டறது." ஒன்றா நான்கா என்று செல்லிக்குத்தான் தெரியும். கருவாடு, ஊறுகாய் தொட்ட சாதம், ஜுஹூ கடற்கரையில் விளையாடும்போது குடித்த கடல் நீர், எல்லாம் இதே கணக்கு. நிறுத்திய மறுநாளே தாகம் இறங்கினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். கடல் நீரை வயிறு முட்டக் குடித்து வாந்தி, தள்ளாட்டம் என்று வந்தால் மட்டும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

அடிக்கடி போகிறது, ஆனால் சொட்டுச் சொட்டாக

இது தாகக் கதையே இல்லை. முக்கி முக்கிக் கொஞ்சமாகப் போவது, ரத்தம் கலந்து போவது எல்லாம் சிறுநீர்ப்பைத் தொற்று அல்லது கல். ஆண் நாய் முக்கியும் ஒன்றுமே வரவில்லை என்றால் அடைப்பு, அன்றைக்கே டாக்டர். கருத்தடை செய்த பெண் நாய் தூக்கத்தில் தன்னையறியாமல் படுக்கையை நனைத்தால் அது தசைத் தளர்ச்சி. பெரும்பாலும் மாத்திரையிலேயே கட்டுப்படும். இரண்டையும் "நிறையப் போகுது" என்ற ஒரே வார்த்தையில் சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம்.

மருந்து ஏதாவது ஓடுகிறதா

விலை உயர்ந்த சோதனைக்கெல்லாம் போகும் முன் மருந்துச்சீட்டைத் தேடுங்கள். மழைக்காலத்தில் மும்பையில் நாய்க்குத் தோல் அரிப்பு, காது நாற்றம் வராத வீடு குறைவு. அரிப்புக்கு அடிக்கடி எழுதப்படுவது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. அது உள்ளே போனால் தாகம், சிறுநீர், பசி மூன்றும் ஏறும். மாத்திரை முடிந்தபின் சில நாளில் இறங்கிவிடும். நாள்பட வேலை செய்யும் ஊசி என்றால் வாரக்கணக்கிலும் இழுக்கலாம். காதுச் சொட்டிலும் தோல் களிம்பிலும்கூட ஸ்டீராய்டு இருக்கும். நாய் அதை நக்கவும் செய்யும்.

பிரச்சினை என்னவென்றால், ஊசி போட்டால் சீட்டில் எழுதாத இடங்கள் உண்டு. இரண்டு வருடம் முன்பு செல்லிக்கு ஒரு கிளினிக்கில் அரிப்புக்கு ஊசி போட்டார்கள். என்ன ஊசி என்று கேட்டதற்கு "அலர்ஜி ஊசி" என்ற பதில்தான் வந்தது. இப்போதெல்லாம் ஊசிப் புட்டியையே போட்டோ எடுத்துக்கொள்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், பரவாயில்லை.

ஸ்டீராய்டுதான் காரணம் என்று தெரிந்தாலும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். நிறுத்தினால் நாய் சுருண்டு விழலாம். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டோன், இதய நோய்க்குக் கொடுக்கும் நீர்மாத்திரை இரண்டும் தாகத்தை ஏற்றும். அவற்றுக்கும் இதே விதி.

கருத்தடை செய்யாத பெண் நாய், ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து ஒன்றிரண்டு மாதம்

செல்லியை முதலில் காட்டிய இடத்தில் "வெயில்தான், எலக்ட்ரால் கொடுங்கள்" என்றார்கள். சீட்டில் அதுதான் எழுதியிருந்தது. மூன்று நாள் அளந்த கணக்கோடு இன்னொரு டாக்டரிடம் போனேன். அவர் கணக்கைப் பார்த்தார், நிமிர்ந்து ஒரே கேள்வி கேட்டார்: "கடைசியா எப்போ ஹீட்டுக்கு வந்தா?"

எனக்கு நினைவில்லை. போனைத் துழாவினேன். ஹோலியன்று எடுத்த படம் ஒன்றில், கன்னமெல்லாம் குலால் பொடியோடு என் தங்கை பெண், பக்கத்தில் இடுப்பில் நாப்கின் கட்டிக்கொண்டு செல்லி. ஆக, ஏழு வாரம்.

"ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார். திரையில் வயிற்றுக்குள் கறுப்புக் கறுப்பாகத் தடித்த குழாய்கள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. கர்ப்பப்பை நிறையச் சீழ். பயோமெட்ரா என்பார்கள். ஹீட் முடிந்து நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் வருவது வழக்கம். நடுவயது தாண்டிய, கருத்தடை செய்யாத பெண் நாய்களில்தான் அதிகம். சீழில் இருக்கும் ஈ. கோலை பாக்டீரியாவின் நஞ்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் காதை அடைத்துவிடுகிறது. "பிடித்து வை" என்ற சொல் வருகிறது, கேட்பதில்லை. தாகம் அங்கிருந்துதான்.

கர்ப்பப்பை வாய் திறந்திருந்தால் பின்பக்கம் சீழோ ரத்தமோ ஒழுகும். நாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். மூடியிருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, அதுதான் கூடுதல் ஆபத்து. செல்லிக்கு மூடியிருந்தது. வெளியே தெரிந்தது தாகமும், இட்லியைப் பாதியில் விட்டதும் மட்டும்தான். அன்று மாலையே அறுவை செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். தாமதித்தால் உள்ளேயே வெடித்திருக்கலாம் என்று தட்டில் வைத்துக் காட்டினார் டாக்டர். நான் சரியாகப் பார்க்கவில்லை; அம்மா பார்த்தாள். அதன்பிறகு ராத்திரி கிண்ணத்தை எடுத்து வைக்கச் சொல்வதில்லை.

உங்கள் வீட்டுப் பெண் நாய்க்குக் கருத்தடை ஆகவில்லை, தாகம் ஏறியிருக்கிறது என்றால் வேறெதையும் யோசிக்கும் முன் இதை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்கேனிலேயே தெரிந்துவிடும்.

பசி அதிகம், ஆனால் உடம்பு மெலிகிறது

சர்க்கரை வியாதி. நம்மூரில் இதற்கு அறிமுகம் வேண்டாம். ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 முதல் 220 மில்லிகிராம் அளவைத் தாண்டியதும் சிறுநீரில் வழியத் தொடங்குகிறது. வழியும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. மூத்திரத்தில் எறும்பு மொய்த்தால் மதுமேகம் என்று பழைய வைத்தியர்கள் கண்டுபிடித்தது நாய்க்கும் பொருந்தும். ஆனால் எறும்பு வரவில்லை என்பதால் சர்க்கரை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பினாயில் போட்டுத் துடைத்த சொசைட்டித் தரையில் எறும்பு எங்கே வரும்?

இந்த நோயை மனிதன் புரிந்துகொண்டதே நாய்களை வைத்துத்தான். 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துப் பார்த்தார்கள். அது ஓயாமல் தண்ணீர் குடித்தது, சிறுநீரில் சர்க்கரை வந்தது. 1921இல் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்ததும் நாய்களிடம்தான். நம் தாத்தா பாட்டிகள் போட்டுக்கொண்ட ஊசிக்குப் பின்னால் அந்த நாய்கள் இருக்கின்றன.

நாய்க்கு மாத்திரை உதவாது. அநேகமாக இன்சுலின்தான், தினமும் இரண்டு வேளை, சாப்பாட்டோடு. இங்கே நம் நாட்டுக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. இந்தியாவில் இன்சுலின் 40 யூனிட் அடர்த்தியிலும் வருகிறது, 100 யூனிட் அடர்த்தியிலும் வருகிறது. சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. அப்பாவுக்கு வாங்கிய சிரிஞ்சு வீட்டில் இருக்கிறதே என்று மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். கூடினால் நாயின் உயிரே போகலாம். புட்டியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு புதுப் பாக்கெட்டிலும் பாருங்கள்.

சர்க்கரை நாய்களுக்குக் கண்புரை வேகமாக வரும். கண்ணில் பால் படர்ந்தது போலத் தெரிந்தபின்தான் தாகத்தை நினைவுகூர்கிறவர்கள் உண்டு. தாகத்தோடு வாந்தி, சோர்வு, மூச்சில் அழுகிய பழ வாடை வந்தால் ரத்தம் அமிலமாகிவிட்டது, அது அவசரம்.

பசியும் அதிகம், வயிறும் பெருக்கிறது

எட்டு, ஒன்பது வயது நாய். வயிறு பானை போல இறங்கியிருக்கிறது, முதுகெலும்பு மேல் தசை கரைந்திருக்கிறது, இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டியிருக்கிறது, ஃபேனுக்கு அடியிலும் இரைக்கிறது, குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தின்கிறது. "வயசாச்சு, நல்லாச் சாப்பிடுது" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். குஷிங் நோயாக இருக்கலாம். உடம்பே தேவைக்கு மேல் ஸ்டீராய்டு சுரக்கிறது. மாத்திரை ஸ்டீராய்டு செய்வதையே இது உள்ளிருந்து செய்கிறது. ஒரே ரத்தப் பரிசோதனையில் தீராது. டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டு, எட்டு மணி நேரத்தில் மறுபடி ரத்தம் எடுக்கும் சோதனை செய்வார்கள். அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள். அவசர நோயில்லை, ஆனால் தானாகச் சரியாகவும் ஆகாது.

சாப்பாடு பிடிக்கவில்லை, வாய் நாறுகிறது

சிறுநீரகம். இதில் கொடுமை என்னவென்றால், சிறுநீரகத்தில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் சிறுநீர் நீர்த்துப்போவது தெரியும். முக்கால் பங்கு போனால்தான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறும். அதாவது தாகம் ரத்தப் பரிசோதனையைவிட முந்திக்கொண்டு வருகிறது. "கிரியாட்டினின் நார்மல்" என்று ரிப்போர்ட் வந்தாலும், நாய் நிறையக் குடித்து அடர்த்தி எண் கீழேயே நின்றால் விடாதீர்கள். எஸ்.டி.எம்.ஏ. என்ற சோதனை கொஞ்சம் முன்னதாகவே காட்டிக்கொடுக்கும்.

வயதான நாய்க்கு மெல்ல வருவது ஒரு வகை. ஒரே நாளில் வருவது இன்னொரு வகை, அதற்கு அடிக்கடி நம் கைதான் காரணம். மூட்டு வலிக்கிறதே என்று நம் மாத்திரை டப்பாவிலிருந்து இபுபுரூஃபனோ டைக்ளோஃபெனாக்கோ கொடுப்பவர்கள் உண்டு. கொடுக்கவே கூடாது.

சமையலறையில் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்று திராட்சை, உலர்ந்ததும் பச்சையும். பாயசத்தில் நெய்யில் பொரித்துப் போடும் அந்த உப்பிய திராட்சை நாயின் சிறுநீரகத்தை ஓரிரு நாளில் நிறுத்திவிடக்கூடும். எத்தனை தின்றால் ஆபத்து என்று கணக்குச் சொல்ல முடியாது. சில நாய்களுக்குக் கொஞ்சமே போதும். அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். இரண்டாவது நமக்குத்தான் முக்கியம்: அதே அமிலம் புளியிலும் நிறைய இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானது மருத்துவப் பதிவில் இருக்கிறது. மிச்சப் புளிசாதம், வத்தக்குழம்புச் சட்டியின் அடி, கரைத்துப் பிழிந்து போட்ட புளிச் சக்கை, எதையும் நாய்த் தட்டில் போடாதீர்கள். "எங்க ஊர் நாயெல்லாம் ரசம் சோறு தின்னு வளர்ந்ததுதான்" என்றாள் அம்மா. இருக்கலாம். செத்த நாய்க்கு யார் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்?

தின்றது தெரிந்துவிட்டால் தாகம் வரும்வரை காத்திருக்காமல் ஓடுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் வாந்தி எடுக்க வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

மழைக்காலம், காய்ச்சல், கண்ணில் மஞ்சள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் இதைப் பட்டியலின் மேலே கொண்டு வாருங்கள். எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ். எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரில் நாய் நடக்கும், நக்கும். பாதத்தில் கீறல் இருந்தால் கிருமி நேராக உள்ளே போகும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டிய மழைக்குப் பிறகு இந்த ஊரில் மனிதர்களுக்கே எலிக்காய்ச்சல் எப்படிப் பரவியது என்பது இங்கே இருந்தவர்களுக்கு மறக்காது.

நாய்க்குத் தாகம், காய்ச்சல், உடம்புவலி, வாந்தி என்று தொடங்கும். சிறுநீரகத்தையும் கல்லீரலையும் சேர்த்துத் தாக்கும். முதலில் நிறையப் போகும் சிறுநீர் பிறகு குறைந்து நின்றே போகலாம். "அப்பாடா, தாகம் குறைந்துவிட்டது" என்று நினைக்கும் நேரம்தான் மோசமான நேரம். நாயின் மூத்திரத்திலிருந்து நமக்கும் வரும் என்பதால் கையுறை போட்டுத் துடையுங்கள். மேலே சொன்ன கரண்டி வித்தையையும் இந்தச் சந்தேகம் இருந்தால் செய்யாதீர்கள், டாக்டரே எடுக்கட்டும். வருடாவருடம் போடும் தடுப்பூசியில் லெப்டோ சேர்ந்திருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். இருந்தாலும் எல்லா வகைக் கிருமிக்கும் அது காவல் இல்லை.

எதுவும் பொருந்தவில்லை

தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். நெல்லிக்காய் போல இரண்டு பக்கமும் கட்டி தட்டுப்பட்டால் நிணநீர்ப் புற்றாக இருக்கலாம். சில புற்றுகள் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். கால்சியம் ஏறினாலும் சிறுநீரகத்தின் காது அடைக்கும். ஆசனவாய்ப் பைகளில் வரும் கட்டியும் இதைச் செய்யும், அதை டாக்டர் விரல்விட்டுத்தான் பார்க்க முடியும். கல்லீரல் நோய், உடம்பு ஸ்டீராய்டைத் தேவைக்குக் குறைவாகச் சுரக்கும் ஆடிசன் நோய் இரண்டையும் ரத்தப் பரிசோதனை எட்டிக் காட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் குடிக்கிறதா? மிச்சம் இரண்டு. பிட்யூட்டரி ஹார்மோனே சுரக்காத அபூர்வ நோய் ஒன்று. சும்மா பழக்கத்தில் குடிப்பது இன்னொன்று. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை பூட்டிய ஃபிளாட்டில் தனியாகக் கிடக்கும் நாய் வேறென்ன செய்யும்? இரண்டையும் பிரித்தறியத் தண்ணீரை நிறுத்திப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அது மருத்துவமனையில், மணிக்கு மணி எடை பார்த்துச் செய்வது. வீட்டில் செய்து பார்க்காதீர்கள். பழக்கத் தாகம் என்று நீங்களாக முடிவு செய்வதும் வேண்டாம், எல்லாம் பார்த்த பிறகு கடைசியாக வரும் பெயர் அது.

இரவானாலும் கிளம்ப வேண்டியவை

தாகத்தோடு திரும்பத் திரும்ப வாந்தி, எழுந்து நிற்க முடியாமை, வயிறு உப்பல், கண் அல்லது ஈறு மஞ்சள், நேற்றுவரை நிறையப் போன நாய் இன்று போகவே இல்லை. விடியட்டும் என்று பார்க்காதீர்கள். பரேலில் பழைய பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. மகாலட்சுமியில் டாடா அறக்கட்டளைகளின் சிறு விலங்கு மருத்துவமனை 2024இல் திறந்தது. இரவில் எது எந்த நேரம்வரை பார்க்கிறது என்பதை நாய் நன்றாக இருக்கும் ஒரு நாளில் போன் செய்து கேட்டு எண்ணைச் சேமித்து வையுங்கள். நாயை ஏற்றிக்கொள்ளும் டாக்ஸிக்காரர் ஒருவர் எண்ணும் கூடவே இருக்கட்டும். நடுராத்திரி செம்பூர் நாக்காவில் நின்று கெஞ்சிய அனுபவத்தில் சொல்கிறேன்.

வைத்தியம் தொடங்கிய பிறகு

அளப்பதை நிறுத்தாதீர்கள். இன்சுலின் அளவு சரியா, குஷிங் மாத்திரை வேலை செய்கிறதா என்பதையெல்லாம் ரத்தப் பரிசோதனைக்கு நடுவில் கிண்ணம்தான் சொல்லும். இறங்கிய தாகம் மறுபடி ஏறினால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் டாக்டரை அழையுங்கள்.

செல்லிக்குத் தையல் பிரித்த பத்தாம் நாள் அளந்தேன்: 1 லிட்டர் 150. கிண்ணத்தின் உட்பக்கம் மார்க்கரில் கோடு போட்டு வைத்திருந்தேன். அம்மா புளி போட்டுத் தேய்த்து அதைப் பளிச்சென்று ஆக்கிவிட்டாள். புளியா என்று நான் அலறியதைக் கேட்டு எதிர் ஃபிளாட் மாமி கதவைத் திறந்து பார்த்தார். கையில் அப்பளம்.